ரோதைமுனிக்கு நூற்றுப் பதினைந்து புள்ளி

ஒரு மனிதனின் மொத்தப் பெறுமதி எண்பத்தைந்தாக இருக்கலாம் என்று கண்டுபிடிக்க, கடல் கடந்த ஒரு நாட்டின் திறனாளர் தெரிவு ஆணையத்துக்குப் பதினொரு மாதம் பிடித்தது. அந்த மனிதன் கருங்காட்டுத் தோட்டத்துக் கிஷாந்த். நாட்டின் பெயரை வெளியே விட்டால் போட்டி கூடிவிடும் என்று அவனுடைய முகவர் கேட்டுக்கொண்டிருப்பதால், நாமும் 'அந்த நாடு' என்றே சொல்லிக்கொள்வோம். குளிரும் சம்பளமும் உள்ள நாடு. படிவங்களுக்குப் பஞ்சமே இல்லாத நாடு.

கருங்காட்டுத் தோட்டம் கொத்மலைப் பக்கத்து மலையில் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரில் ஓடுகிறவை, சுற்றுகிறவை, எரிகிறவை, எரிய மறுக்கிறவை எல்லாமே பன்னிரண்டு வருடமாகக் கிஷாந்தின் பொறுப்பு. கொழுந்தைச் சுருட்டும் ரோலரின் சத்தத்தைக் கேட்டே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். ஹட்டனில் இரண்டு வருடம் படித்து வாங்கிய சான்றிதழ் இருக்கிறது. ஆங்கிலப் பரீட்சையை மூன்றாவது தடவையில் தாண்டினான். ஆனாலும் தோட்டத்துப் பதிவேட்டில் அவன் வெறும் 'ஸ்டோர் லேபர்'. மின்வினைஞர் என்ற பதவியே கம்பனியில் கிடையாது. மின்சாரம் மட்டும்தான் உண்டு.

அவனைப் புறப்பட வைத்தது ஒரு சிவப்புக் காகிதம். அவன் குடியிருந்த லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் மலைச்சரிவில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. போன மழையில் ஆள் கால் வைத்துத் தாண்டலாம். இந்த மழையில் ஓடி வந்து தாண்ட வேண்டும். அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து அளந்தார்கள். 'இவ்விடம் மண்சரிவு அபாய வலயம், உடனே வெளியேறவும்' என்று சிவப்புக் காகிதம் ஒன்றைச் சுவரில் ஒட்டினார்கள். எங்கே போவது என்று கிஷாந்தின் மனைவி லோஜினி கேட்டாள். அது வேறு பிரிவு என்றார்கள். மழையில் காகிதம் உரிந்து விழுந்ததும் மறுபடி வந்தார்கள், முன்னை விட நல்ல பசையோடு.

அன்றிலிருந்து மழை இரைந்து பெய்தால் லோஜினி தங்கள் ஐந்து வயது மகள் லக்சனாவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பாலர் பாடசாலைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்தக் கட்டடத்துக்கு இன்னும் காகிதம் ஒட்டவில்லை.

ஆணையத்தின் வேலை முறை எளிமையானது. வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, அனுபவத்துக்கு இவ்வளவு என்று புள்ளி போடுவார்கள். மாதத்துக்கு ஒருமுறை தெரிவுச் சுற்று நடக்கும். அன்றைக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்று அன்றைக்குத்தான் தீர்மானிப்பார்கள். கிஷாந்திடம் எழுபது இருந்தபோது எழுபத்தைந்து கேட்டார்கள். எண்பது சேர்த்தபோது எண்பத்தைந்து கேட்டார்கள். இந்தச் சுற்றில் மட்டும் என்ன நினைத்தார்களோ, முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள்: எண்பத்தைந்து. சுற்று இருபத்தேழாம் திகதி. கிஷாந்தின் கணக்கிலும் எண்பத்தைந்து இருந்தது; அதில் தொழில் அனுபவத்துக்கான பதினைந்து புள்ளியை அதற்குள் உறுதிப்படுத்திவிட்டால் போதும்.

ஹட்டனில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த முகவர் ஜெயதீபன், யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, உம்மட வயசுதான் இப்ப உம்மட பெரிய வியாதி. இருபத்தெட்டாம் திகதி உமக்கு முப்பத்திமூண்டு. அண்டைக்கு விடியவே அஞ்சு புள்ளி போயிடும். பிறந்தநாள் வாழ்த்தும் அனுப்புவாங்கள், புள்ளியையும் வெட்டுவாங்கள். ரெண்டும் ஒரே மெயிலில."

"போன வருசத்த விட இப்ப நான் நல்லாவே வேல செய்யிறேனுங்களே சார்?"

"அதுக்குப் புள்ளி இல்லை." அவர் பட்டியலை விரலால் தடவினார். "ஒரு வழி இருக்கு. தனி ஆள் எண்டா பத்துப் புள்ளி கூட. சும்மா பேப்பரில மட்டும் ரெண்டு பேரும் பிரிஞ்சு—"

லோஜினி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். "பேப்பர்ல பிரிஞ்சா பத்துங்களா? நெசமாவே பிரிஞ்சுட்டா எவ்வளவு சார் போடுவாங்க?"

ஜெயதீபன் கேலியைக் கவனிக்காமல் மறுபடி பட்டியலைப் பார்த்தார். "அதுக்கும் பத்துத்தான் தங்கச்சி."

"வெவரம் இல்லாத ஆளுங்க," என்றாள் லோஜினி.

அன்றைக்கே கிஷாந்த் அனுபவப் படிவத்தை நிரப்பினான். இங்கேதான் அவன் ஒரு பிழை விட்டான். கருங்காட்டில் பிறந்து வளர்ந்த எவனும் அதை எழுதியிருப்பான்; வேறு எவனும் எழுதியிருக்க மாட்டான்.

ஏழாம் கேள்வி இப்படி இருந்தது: நீங்கள் பணிபுரிந்த காலம் முழுவதும், ஒரு நாள் தவறாமல், பணியிடத்தில் இருந்து உங்களை மேற்பார்வை செய்தவர் யார்? கிஷாந்த் யோசித்தான். தேயிலை போடும் அதிகாரிகள் பன்னிரண்டு வருடத்தில் ஐந்து பேர் மாறிவிட்டார்கள். தோட்டத்தை நடத்தும் துரைமார் நாலு பேர். எட்டாம் கேள்வி: அவருடைய உத்தரவு இல்லாமல் நீங்கள் இயந்திரத்தை இயக்குவதுண்டா? ஒருநாளும் இல்லை. ஒன்பதாம் கேள்வி: உத்தரவின்றி இயக்கினால் விளைவு என்ன? அவருக்குக் கோபம் வரும். மூன்றுக்கும் பொருந்துகிற ஆள் ஸ்டோரில் ஒருவர்தான். அவன் கொஞ்சமும் தயங்காமல் எழுதினான்: ரோதைமுனி.

ஜெயதீபன் எல்லாக் கட்டமும் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். நிறைந்திருந்தது. அனுப்பிவிட்டார்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. திரு. ஆர். முனி அவர்களின் தொலைபேசி இலக்கம், பதவி, ஓய்வு பெறும் வயது ஆகியவற்றை ஆணையம் கோரியிருந்தது. ஜெயதீபன் கிஷாந்தை அவசரமாக வரவழைத்தார்.

"ஆரப்பா இந்த முனி? ஸ்டோரில என்ன உத்தியோகம்?"

"ரோதமுனிங்க சார்."

"ரோதை எண்டுறது அவற்ற தேப்பனோ?"

"ரோதன்னா சக்கரம் சார், மெஷினு. ஸ்டோருக்குக் காவலு. ரோலரு ரூமுல கதவோரமா கல்லு இருக்கும், சூலம் வச்சு, செவப்புத் துணி கட்டி. சூடம் காட்டி உத்தரவு கேட்டுத்தான் சுவிச்சு போடுவோம்."

ஜெயதீபன் பேனாவை மூடி வைத்தார். கீழே பேக்கரியில் யாரோ மாலுபாண் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கல்லு," என்றார் கடைசியில்.

"சாமிங்க சார்."

"எப்ப ஓய்வு பெறுவார் எண்டு வேற கேட்டிருக்கிறாங்கள்."

"பேர எடுத்துருவோமா சார்?"

"எடுத்தா முதல் தந்தது பொய்த் தகவல். பத்து வருசத் தடை."

"சாமின்னு உள்ளத சொல்லிட்டா?"

"சொன்னா, நீர் பன்னிரண்டு வருசமும் மேற்பார்வை இல்லாமல் வேலை செய்தனீர் எண்டு ஆகும். அதுவும் பொய்த் தகவல்தான்."

"அப்ப என்னா சார் செய்யிறது?"

"முனி கதைக்கத்தான் வேணும்."

முனி கதைப்பது ஒன்றும் நடக்காத காரியமில்லை. ஸ்டோரில் அடுப்பெரிக்கும் ஆண்டியப்பன் மீது அவர் வருவார். ஆண்டியப்பன் சாதாரண வேளையில் கொட்டாவி விடக்கூடக் கூச்சப்படுகிற மனிதர். தப்பு அடித்துச் சாம்பிராணி போட்டால் போதும், பெரிய துரையையே 'வாடா' என்பார். ஆணையத்துக்கு வசதியாகக் காலை பத்து மணிக்கு ரோலர் அறையில் ஏற்பாடு நடந்தது. கைத்தொலைபேசியை எண்ணெய் டின்மேல் சாய்த்து வைத்தார்கள். திரையில் மதிப்பீட்டு அதிகாரி திருமதி ஹார்வுட் தோன்றினார். வெளுத்த முகம், வெளுத்த சட்டை, பின்னால் வெளுத்த சுவர். மொழிபெயர்க்க முகம் தெரியாத ஒரு தமிழர் எங்கிருந்தோ இணைந்திருந்தார்.

தப்பு முழங்கியது. ஆண்டியப்பனின் தோள் குலுங்கியது, கண் மேலே செருகியது.

"நீங்கள்தான் திரு. ஆர். முனியா?"

"நாந்தாண்டா!"

"ஆம் அம்மணி, என்கிறார்," என்றது மொழிபெயர்ப்புக் குரல்.

"உங்கள் பிறந்த திகதி?"

"வெள்ளக்காரன் இந்த ரோதைய தலைச்சுமையா ஏத்திக் கொண்டாந்து எறக்குனான் பாரு, அன்னைக்கு வந்தேன்."

இயந்திரத்தின் அடியில் இருந்த தகட்டைப் பார்த்துக் கிஷாந்த் ஆண்டைச் சொன்னான்: ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று. திருமதி ஹார்வுட் கணித்தார், நூற்று முப்பத்திரண்டு. ஆனால் வயதுக் கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம். கட்டம் முதல் இலக்கத்தை வெளியே தள்ளிவிட்டு மற்றதை வைத்துக்கொண்டது.

"முப்பத்திரண்டு," என்றார் அவர். "மிகவும் பொருத்தமான வயது. திருமணமானவரா?"

"முனிக்கு ஏதுடா பொஞ்சாதி!"

"தனி நபர். ஆங்கிலம் விளங்குமா?"

"இங்க இருந்த தொரமாரு அத்தன பேரும் வஞ்சது இங்கிலீசுலதாண்டா. ஒண்ணு விடாம கேட்டிருக்கேன்."

"கேட்டல் திறன் முழுமை. உங்கள் வேலை நேரம்?"

"எந்நேரமும்."

"விடுமுறை?"

"எனக்கா?" என்று முனி சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது.

"ஊதியம்?"

"ஒரு சுருட்டு. வெள்ளிக்கெழம சூடம். வருசத்துக்கு ஒரு சேவலு."

திருமதி ஹார்வுட் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய குரல் முதல் தடவையாக இளகியது.

"திரு. முனி, நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த இருக்கையில் இருக்கிறேன். 'உங்கள் நாடு என்னதான் தேடுகிறது?' என்று எல்லோரும் எங்களைக் கேட்கிறார்கள். திறமை என்று சொல்லும்படி எங்களுக்கு உத்தரவு. ஆனால் திறமையோடு சேர்ந்து எப்போதும் ஒரு ஆளும் வந்துவிடுகிறார். அவருக்குப் பசிக்கிறது. முதுகு வலிக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்கிறார், வயதான தாயைக் கூப்பிட வேண்டும் என்கிறார், ஒவ்வொரு வருடமும் ஒரு வயது கூடிவிடுகிறது. எங்கள் பட்டியலுக்குப் பொருந்துகிற மனிதர் உலகத்தில் இல்லை, பட்டியலில்தான் பிழை என்று இங்கேயே சிலர் பேசத் தொடங்கியிருந்தார்கள். பட்டியல் சரியானது என்று இன்று நிரூபணமாகிவிட்டது. நன்றி."

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்லி முடிக்கையில் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் அந்த நாட்டுக்கு எத்தனை புள்ளியில் போனாரோ.

"கடைசியாக, விண்ணப்பதாரரைப் பற்றி."

"எம் புள்ள," என்றார் முனி. "பன்னெண்டு வருசமா இந்த ரூமுல ஒருத்தன் கை மாட்டல."

"விபத்து எதுவும் இல்லை. அதற்கு யார் பொறுப்பு?"

"யாரு பொறுப்பா? நாந்தாண்டா காவலு! நான் இல்லாம இது சுத்துமா?"

"அப்படியானால் பாதுகாப்புப் பதிவு மேற்பார்வையாளருக்கு உரியது," என்று சொல்லி ஒரு விசையைத் தட்டினார். அந்தச் சின்னச் சத்தத்தில் தன்னுடைய பதினைந்து புள்ளி இடம் மாறியதைக் கிஷாந்த் காதால் கேட்டான்.

"மேடம், பெல்ட் மாத்தினது நானுங்க, கிரீஸ் போட்டது நானு, பழுதாகாம பாத்துக்கிட்டது—"

"மேற்பார்வையாளரின் வாக்குமூலத்தை விண்ணப்பதாரர் மறுக்கிறாரா? மறுத்தால் இருவரில் ஒருவர் பொய்த் தகவல் தந்ததாகும்."

கிஷாந்த் வாயை மூடிக்கொண்டான். திரை அணைந்தது. ஆண்டியப்பன் முகத்தைத் துண்டால் துடைத்தபடி எழுந்து உட்கார்ந்தார்.

"என்னா மாப்ள, சாமி நல்லதா நாலு வார்த்த சொன்னுச்சா?"

"நல்லாத்தான் சொன்னுச்சு மாமா."

முடிவு மூன்றே நாளில் வந்தது. ஆணையத்தின் வரலாற்றில் அத்தனை வேகம் அதற்கு முன் இல்லை. திரு. ஆர். முனி, நூற்றுப் பதினைந்து புள்ளி, அழைப்பு வழங்கப்படுகிறது. இருபத்தாறாம் திகதிக்குள் கொழும்பு நிலையத்தில் உடல் அடையாளப் பதிவுக்கு வரவும். திரு. கிஷாந்த், எழுபது புள்ளி, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

லோஜினி கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். "பன்னெண்டு வருசமா சாமிக்கு சூடம் காட்டுனீங்க. நீங்க தேடுன வழியில சாமி போயிருச்சு, உங்கள விட்டுட்டு."

கிஷாந்துக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே தூறல் தொடங்கியிருந்தது. அவள் பேசிக்கொண்டே பிள்ளையின் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

ஜெயதீபன் அவனைப் போல் சோர்ந்துவிடவில்லை. வான் பிடித்து நேரே ஸ்டோருக்கு வந்து கல்லின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். "என்ர அலுவலகத்தால போற முதலாவது நூறு தாண்டின ஆள்," என்றார். "தம்பி, கொஞ்சம் விலகும். நீரும் படத்துக்குள்ள விழுறீர்." புறப்படும்போதுதான் ஞாபகம் வந்தவராக இன்னொரு கடிதத்தை நீட்டினார். "உமக்கும் ஒண்டு வந்திருக்கு. மேன்முறையீடு கேட்டனான்."

மேன்முறையீட்டுக்கு ஆணையம் ஒரே ஒரு வாய்ப்புத் தந்திருந்தது. திரு. முனி பணியிடத்தை விட்டு நீங்கிய பின், விண்ணப்பதாரர் மேற்பார்வை ஏதுமின்றித் தன்னந்தனியாக அதே இயந்திரத்தைக் கமராவின் முன் இயக்கிக் காட்ட வேண்டும். விபத்தில்லாமல் முடித்தால் பதினைந்து புள்ளியும் அவனுக்கே திரும்பும். இருபத்தேழாம் திகதி, காலை பத்து மணி. அதற்குப் பிறகு தேவையில்லை. மறுநாள் அவனுக்கு வயதாகிவிடும்.

கடிதத்தை ஆண்டியப்பனிடம் காட்டினான். அவர் வாசிக்கவில்லை, கேட்டுக்கொண்டார்.

"உத்தரவு இல்லாம போடச் சொல்றாங்களா?"

"ஆமா மாமா."

"அதுவும் அது போன பொறகா?"

"ஆமா."

ஆண்டியப்பன் அடுப்புக் கதவைத் திறந்து ஒரு கட்டையைப் போட்டு மூடினார்.

தோட்ட நிர்வாகத்துக்குச் செய்தி இனிப்பாகத்தான் போய்ச் சேர்ந்தது. பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடத்தில், வாழைமரம் கட்டி விழா எடுத்தார்கள். கல்லை ஒரு மேசைமேல் தூக்கி வைத்து மாலை போட்டிருந்தார்கள். கல்லைத் தோண்டி எடுக்க முதலில் கம்பனி தோட்டத்திலேயே நாலு ஆள் கேட்டிருந்தது. தோட்டத்தில் ஒருத்தரும் கை வைக்கவில்லை. நாவலப்பிட்டியிலிருந்து கொந்தராத்துக்காரர்களைக் கொண்டுவந்தார்கள். பெரிய துரை ஒலிபெருக்கி பிடித்தார்.

"கம்பனி ஒருநாளும் தொழிலாளியின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நின்றதில்லை. திரு. முனி கேட்ட அன்றைக்கே விடுகைக் கடிதம் கொடுத்தோம். அவர் கேட்கவில்லைதான், கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம். நூற்று முப்பது வருடம் உழைத்தவர், ஒரு நாள் சுகவீனம் என்று சொன்னதில்லை. நீங்கள் எல்லோரும் இவரைப் பார்த்துப் பழக வேண்டும். இவருடைய இடத்துக்குப் புதிதாக ஆள் போட மாட்டோம், போகிறவர் இடத்துக்கு ஆள் போடாதது கம்பனிக் கொள்கை. வெள்ளிக்கிழமை பூசைக்கு மெஷினை அரை மணித்தியாலம் நிறுத்துகிறோம் அல்லவா, அந்தச் சிரமமும் இனி உங்களுக்கு இல்லை."

கொழுந்தெடுக்கும் பேச்சியம்மா கூட்டத்துக்குள்ளிருந்து கூப்பிட்டுக் கேட்டாள்: "தொரைகளே, சாமிய எங்கதான் ஏத்திவுடுறீங்க?"

"நல்ல நாட்டுக்கு. அவருக்கு அங்கே நல்ல எதிர்காலம்."

"எங்களுக்குங்க?"

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விழா முடிந்தது.

போகச் சம்மதமா என்று முனியிடமே கேட்டுவிடுவோம் என்று தொழிலாளர்கள் பிடிவாதமாக நின்றதால் அதற்கும் கால் மணி நேரம் கொடுத்தார்கள். தப்பு அடித்தார்கள். சாம்பிராணி போட்டார்கள். ஆண்டியப்பன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கவில்லை. அடிக்கிறவர்களுக்குக் கை சிவந்ததுதான் மிச்சம். மௌனம் சம்மதத்துக்கு அடையாளம் என்று குறித்துக்கொண்டு துரை கையெழுத்துப் போட்டார்.

"கோவம்னா கத்தும்," என்றார் ஆண்டியப்பன், கிஷாந்துக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எத்தனையோ தடவ பாத்திருக்கேன். இது பேசவே இல்ல மாப்ள. என் ஒடம்புக்குள்ள வந்து, பேசாம நின்னுட்டுப் போகுது."

தேயிலைப் பெட்டிக்குள் வைக்கோல் போட்டுக் கல்லை இறக்கி, ஆணி அடித்து, பெட்டியின்மேல் 'மேற்பக்கம் இது' என்று அம்புக்குறி போட்டார்கள். வான் சரிவில் இறங்கி மறைந்தது. அப்போது இருபத்தாறாம் திகதி பகல் ஒரு மணி. அதற்குப் பிறகு ஸ்டோரில் ஒரு சக்கரமும் சுற்றவில்லை. ஆட்கள் வேலை நிறுத்தம் எதுவும் அறிவிக்கவில்லை. சும்மா வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்கள். மேல்மாடியில் வாட்டிய கொழுந்து சூடேறிப் புளித்த வாசம் அடித்தது. துரை முதலில் கத்தினார், பிறகு கெஞ்சினார், பிறகு நாளைக் காலை கிஷாந்த் எப்படியும் மெஷினைப் போடத்தானே போகிறான் என்று யாரோ சொன்னதும் நிம்மதியாகப் பங்களாவுக்குப் போனார்.

விடிய விடிய மழை. காலையில் கிஷாந்த் ரோலர் அறைக்குள் நுழைந்தபோது கல் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு குழி தெரிந்தது. நினைத்ததை விட ஆழமாக இருந்தது. அதில் அரைக்குழிக்குத் தண்ணீர். கூரையில் ஒழுக்கு இல்லை, ஒருத்தரும் ஊற்றவும் இல்லை. தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறத்தில், அடியிலிருந்து மெதுவாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

இயந்திரத்தை அவன் ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தான். பெல்ட் சரி. பற்சக்கரம் சரி. எண்ணெய் சரி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, நேற்று வரை இருந்த மாதிரியே. அவன் முதல் போல்ட்டிலிருந்து இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தான். பழுது இருந்தால் பழுதைத் திருத்தலாம்.

ஒன்பதே முக்காலுக்கு லோஜினி குடை இல்லாமல் ஓடிவந்தாள். வாசலில் கூடி நின்ற தொழிலாளர்கள் வழி விட்டார்கள். ஆனால் ஒருவரும் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"வேணாங்க. வாங்க, வீட்டுக்குப் போயிரலாம்."

"எந்த வீட்டுக்கு?"

காலையில் அவள் பார்த்துவிட்டு வந்திருந்தாள்: சரிவிலிருந்த வெடிப்பு லயத்தின் பின்சுவர் வரைக்கும் இறங்கியிருந்தது. காகிதம் ஒட்டியிருந்த சுவர் காகிதத்தோடு சேர்ந்து பிளந்திருந்தது.

"புள்ள?"

"பாலர் பாடசாலையில. பேச்சியம்மாக்கா பாத்துக்கிறாங்க. அங்க இப்ப முப்பது பேரு இருக்காங்க."

"பதினஞ்சு புள்ளி லோஜினி. பத்து நிமிசம். நான் இந்த மெஷின பன்னெண்டு வருசமா போடுறேன்."

"நீங்க தனியா போட்டதே இல்லையே," என்றாள் அவள்.

தொலைபேசி ஒலித்தது. வெளுத்த சுவரின் முன் திருமதி ஹார்வுட்.

"காலை வணக்கம், திரு. கிஷாந்த். அறையில் மேற்பார்வையாளர் எவரும் இல்லை என்பதை உறுதிப்படுத்துங்கள்."

"யாரும் இல்லைங்க மேடம்."

"மனைவி வெளியேற வேண்டும். பார்வையாளர்களுக்குக் காப்புறுதி இல்லை."

லோஜினி அசையவில்லை. ஆண்டியப்பன் வாசற்படியிலிருந்தே கையை நீட்டி அவளைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டார்.

"நன்றி. திரு. முனி நலமாகக் கொழும்பு வந்து சேர்ந்துவிட்டார் என்பதைத் தெரிவிப்பதில் மகிழ்ச்சி. அவருடைய விரல் அடையாளத்தை இயந்திரத்தால் பதிய முடியவில்லை. அவருடைய புள்ளிகளைக் கருதி அவருக்கு விலக்கு அளித்திருக்கிறோம். அந்த விலக்கு உங்களுக்குக் கிடையாது என்பதை முன்பே சொல்ல வேண்டியது என் கடமை. இன்று தெரிவானால் நீங்கள் பத்து விரலையும் பதிய வேண்டியிருக்கும். ஆகவே பதிவுக்காக, இரு கைகளையும் கமராவுக்குக் காட்டுங்கள். விரல்களை நன்றாக விரியுங்கள்."

கிஷாந்த் இரண்டு கைகளையும் உயர்த்தி விரித்துக் காட்டினான். அவர் பேனா முனையால் திரையைத் தொட்டுத் தொட்டு, வாய்க்குள் எண்ணினார். ஒரு தடவை குழம்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"பத்து," என்று தட்டச்சு செய்தார். "இயக்கி முடித்ததும் இன்னொரு தடவை எண்ணுவோம். இரண்டாவது எண்ணிக்கையை வைத்துத்தான் புள்ளி. நீங்கள் தயாரானதும் தொடங்கலாம்."

கிஷாந்த் கைகளை இறக்கினான். பழக்கதோஷத்தில் உத்தரவு கேட்கக் கதவோரம் திரும்பினான். குழி நிரம்பி வழிந்து, செம்மண் தண்ணீர் மெல்லிய கோடாகத் தரையில் ஊர்ந்து அவனுடைய செருப்பைத் தொட்டது. வாசலில் நின்றவர்கள் ஒருவர் சொல்லாமலே எல்லோருமாக ஒரு அடி பின்னால் போனார்கள்.

அவன் சுவிட்சைப் போட்டான்.